‘வாயை மூடு’ என்றால் கையால் பொத்திக்கொள்ளும் குழந்தை... ஆட்டிச மூளையில் சொற்கள் எப்படிப் பொருளாகின்றன?

“உயிரை வாங்காதே!”

“தலைக்கு மேல வேலை கிடக்கு.”

“ஒரு நிமிஷம் இரு, வந்துடறேன்.”

ஒரு சராசரித் தமிழ் வீட்டில் காலை காபி முடிவதற்குள் இப்படி நான்கைந்து வாக்கியங்களாவது வந்து விழும். யாரும் யாருடைய உயிரையும் வாங்குவதில்லை. தலைக்கு மேலே மின்விசிறியைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. ஒரு நிமிடத்தில் யாரும் திரும்பி வருவதும் இல்லை. கேட்பவருக்கும் அது தெரியும். சொல்வது ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இது அவ்வளவு எளிதல்ல. ‘வாயை மூடு’ என்றால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ‘உன் பேரைச் சொல்ல முடியுமா?’ என்று விருந்தாளி கேட்டால், ‘முடியும்’ என்று பதில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். ‘ஒரு நிமிஷம்’ என்று சொன்ன அம்மா 61-வது நொடியில் வரவில்லை என்றால் அழுது ஓய்ந்துபோவார்கள்.

வகுப்பறையில் இதற்குக் கிடைக்கும் பெயர் ‘திமிர்’. உறவினர் வீட்டில் ‘வளர்ப்பு சரியில்லை’. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிட்டு அதற்காகத் திட்டும் அடியும் வாங்குகிற குழந்தைகள் இவர்கள். அவர்கள் மூளையில் அந்தச் சொல் என்னவானது என்று 80 ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தேடிவருகிறார்கள். கிடைத்திருக்கும் விடைகள், பெற்றோரும் ஆசிரியர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

அரை நொடிக்குள் நடக்கும் வேலை

முதலில், ஒரு சொல் காதில் விழுந்ததும் பொதுவாக மூளைக்குள் என்ன நடக்கிறது?

‘அம்மா இட்லிக்குத் தொட்டுக்கொள்ள செருப்பு வைத்தாள்.’ இதைப் படிக்கும்போது ‘செருப்பு’ என்ற சொல்லில் மனம் ஒரு கணம் இடறுகிறது அல்லவா? அந்த இடறலைத் தலையின் மேல் பொருத்தும் மின்வாய்கள் மூலம் பதிவுசெய்ய முடியும். 1980-ல் அமெரிக்காவில் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். சூடான ரொட்டியின் மேல் ஒருவர் காலுறையைத் தடவினார் என்பதுபோல முடியும் வாக்கியங்களைத் திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார்கள். பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லி நொடியில், அதாவது அரை நொடிக்கும் குறைவான நேரத்தில், மூளையின் மின் அலையில் ஒரு சரிவு தெரிந்தது. அதற்கு ‘என்400’ என்று பெயர்.

இந்த அலை சொல்லும் செய்தி இதுதான்: மூளை வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை. ‘இட்லிக்குத் தொட்டுக்கொள்ள’ என்று கேட்டவுடனேயே சட்னி, சாம்பார், பொடி ஆகியவற்றுக்கான கதவுகளைத் திறந்துவைத்துவிடுகிறது. முன்னால் வந்த சொற்கள், பேசுகிறவரின் முகம், குரல், இருக்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் அடுத்த சொல்லின் பொருளைத் தீர்மானிக்கின்றன. ஆட்டிசத்தில் மாறுபடுவது இந்தச் சேர்க்கைதான்.

‘ஆமாம்’ என்றால் அப்பாவின் தோள்

ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் லியோ கேனர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்தவர். 1943-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 11 குழந்தைகளைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. முதல் குழந்தையின் பெயர் டொனால்டு.

டொனால்டுக்கு ‘ஆமாம்’ என்று சொல்லக் கற்றுக்கொடுக்க அவனுடைய அப்பா ஒரு வழி செய்தார். ‘ஆமாம் என்று சொல், தோளில் தூக்கிக்கொள்கிறேன்’ என்றார். பையன் கற்றுக்கொண்டான். ஆனால் அவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் ‘என்னைத் தோளில் தூக்கு’ என்பது மட்டுமே ஆகிவிட்டது. அந்த ஒரு காட்சியிலிருந்து சொல்லைப் பிரித்தெடுத்து, எதற்கும் சம்மதம் தெரிவிக்கும் பொதுச்சொல்லாக மாற்றப் பல மாதங்கள் பிடித்தன.

இன்னொரு சிறுவன், சமையலறைப் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ‘பீட்டர் ஈட்டர்’ என்பான். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அது வெறும் உளறல். அம்மாவுக்கு மட்டும் காரணம் தெரியும். அவனுக்கு 2 வயதாக இருந்தபோது, பீட்டர் என்று தொடங்கும் ஒரு குழந்தைப் பாட்டைப் பாடியபடியே வேலை செய்துகொண்டிருந்தார். அப்போது கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. பாட்டின் சொற்களும் பாத்திரமும் அந்த நொடியில் அவன் மூளைக்குள் ஒட்டிக்கொண்டன.

அதே சிறுவன் சில நேரங்களில் ‘நாயை மாடியிலிருந்து எறியாதே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அருகில் நாயும் இருக்காது, மாடியும் இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹோட்டல் பால்கனியிலிருந்து அவன் பொம்மை நாயைத் திரும்பத் திரும்ப வீசியபோது அம்மா சொன்ன வாக்கியம் அது. எதையாவது தூக்கி எறியத் தோன்றும்போதெல்லாம் அந்த வாக்கியத்தால் அவன் தன்னையே அடக்கிக்கொண்டான்.

1946-ல் இவற்றைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதிய கேனர், சம்பந்தமில்லாதவைபோலத் தோன்றும் இந்தப் பேச்சுகளுக்குப் பொருள் உண்டு, அவை பிறந்த இடத்தைத் தேடிப்போனால் அது விளங்கும் என்று காட்டினார். பொருள் இல்லாமல் போகவில்லை. எல்லோருக்கும் பொதுவான பொருளாக இல்லாமல், ஒரு காட்சியோடு கட்டப்பட்ட சொந்தப் பொருளாக இருந்தது.

தோளில் ஏற ‘ஆமாம்’ சொன்ன டொனால்டு டிரிப்லெட் பின்னாளில் கல்லூரியில் படித்து, சொந்த ஊர் வங்கியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியாகப் பயணம் போனார். 2023-ல், 89 வயதில் காலமானார்.

அம்மா எதைப் பார்த்துச் சொன்னாள்?

ஒரு சொல் தவறான பொருளோடு ஒட்டிக்கொள்வது ஏன்? 1997-ல் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் பிரிட்டனில் செய்த ஒரு சோதனை இதற்கு ஒரு தடயம் தருகிறது.

குழந்தையின் கையில் பெயர் தெரியாத ஒரு பொம்மை. பெரியவர் கையில் வேறொன்று. குழந்தை தன் பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெரியவர் தன்னிடம் உள்ளதைப் பார்த்து ஒரு புதிய பெயரைச் சொல்கிறார். பெரும்பாலான குழந்தைகள் சட்டென்று நிமிர்ந்து, பேசுகிறவரின் கண் எங்கே போகிறது என்று பார்த்து, அந்தப் பொருளுக்குத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் அந்தப் பெயரைத் தங்கள் கையில் இருந்த பொம்மைக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வீட்டில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஜன்னலைப் பார்த்து ‘மழை’ என்கிறாள் அம்மா. குழந்தையின் கண் சுழலும் மின்விசிறியில் இருக்கிறது. அன்றிலிருந்து மின்விசிறியே ‘மழை’ ஆகிவிட வாய்ப்பு உண்டு. குழந்தையின் நினைவாற்றலில் குறையில்லை. சொல் பதிந்துவிட்டது. பதிந்த இடம்தான் வேறு.

‘பாவ’மா, ‘பாவ’மா?

‘பாவம்’ என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘நடனத்தில் அவள் காட்டிய பாவம் அருமை’ என்றால் ஓர் உச்சரிப்பு. ‘பாவம், பசியோடு இருக்கிறான்’ என்றால் வேறு உச்சரிப்பு. ‘தீப்பந்தம்’, ‘சொந்தபந்தம்’ ஆகியவையும் அப்படித்தான். எழுத்து ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்தே வாய் உச்சரிப்பை முடிவுசெய்கிறது.

ஆங்கிலத்திலும் இப்படிச் சொற்கள் உண்டு. ‘கண்ணீர்’ என்பதற்கும் ‘கிழிசல்’ என்பதற்கும் ஒரே எழுத்துக்கூட்டு, உச்சரிப்பு மட்டும் வேறு. 1983-ல் லண்டனில் யூட்டா ஃபிரித், மேகி ஸ்னோலிங் இருவரும் இத்தகைய வாக்கியங்களைக் குழந்தைகளிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தனிச்சொற்களைத் தடையின்றி வாசித்தார்கள். ஆனால் இந்த இரட்டைச் சொற்கள் வந்த இடத்தில், பக்கத்துச் சொற்களைத் துணைக்கு அழைப்பது அவர்களிடம் குறைவாக இருந்தது.

இதிலிருந்து ஃபிரித் ஒரு கருத்தை வளர்த்தெடுத்தார். பெரும்பாலானோரின் மூளை சிறு விவரங்களை விட்டுவிட்டு மொத்தப் படத்தை நோக்கி ஓடுகிறது. ஆட்டிச மூளை விவரங்களில் நின்று பார்க்கிறது. கோலத்தைப் பார்ப்பதற்கும் கோலத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. அச்சுப்பிழை கண்டுபிடிப்பதற்கும் கணக்கில் தவறு பிடிப்பதற்கும் இரண்டாவது பார்வை மிகவும் உதவும். வீட்டுப் பேச்சில் அதுவே சிக்கலாகலாம்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. பிரிட்டன் ஆய்வாளர் கோர்ட்னி நார்பரி 2005-ல் இரட்டைப் பொருள் சொற்களை வைத்து ஆராய்ந்தபோது, மொழித்திறன் நன்றாக இருக்கும் ஆட்டிசக் குழந்தைகள் சூழலைப் பயன்படுத்தி மற்றவர்களைப் போலவே பொருளைப் பிடித்தார்கள். மொழித்திறன் குறைந்தவர்கள் தடுமாறினார்கள், ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்! 2008-ல் கண் அசைவைப் பதிவுசெய்து நடத்திய ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது.

ஆகவே ‘ஆட்டிசம் என்றாலே உவமை புரியாது, ஜோக் புரியாது’ என்று முத்திரை குத்துவது தவறு. சிலேடை எழுதிச் சிரிக்கும் ஆட்டிச நிலையாளர்களும் இருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு எது சிக்கல் என்பதை அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்கேனில் தெரிந்த படம்

மூளை இயங்கும்போதே படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன் வந்தபிறகு, உள்ளே எட்டிப்பார்க்க வழி கிடைத்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்செல் ஜஸ்ட் குழுவினர் 2004-ல், நன்றாகப் பேசவும் படிக்கவும் தெரிந்த 17 ஆட்டிச நிலையாளர்களையும் ஒப்பிடுவதற்கு மற்ற 17 பேரையும் ஸ்கேனுக்குள் வைத்து வாக்கியங்களைப் படிக்கச் செய்தார்கள்.

மொழிக்கு மூளையில் இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு. இடது காதுக்கு மேல், சற்றுப் பின்னால் இருப்பது வெர்னிக்கி பகுதி. சொற்களின் பொருளோடு அதிகம் தொடர்புடையது. இடது நெற்றிப் பக்கம் இருப்பது புரோக்கா பகுதி. சொற்களைக் கோத்து வாக்கியமாகப் புரிந்துகொள்ள உதவுவது. ஆட்டிச நிலையாளர்களிடம் வெர்னிக்கி பகுதி கூடுதலாகவும் புரோக்கா பகுதி குறைவாகவும் வேலை செய்தன. தூரத்தில் இருக்கும் மூளைப் பகுதிகள் ஒரே தாளத்தில் இணைந்து இயங்குவதும் குறைவாக இருந்தது. ஒவ்வொரு வாத்தியமும் நன்றாக ஒலிக்கிறது, எல்லாம் ஒன்றுசேர்வதில்தான் வேறுபாடு.

2006-ல் இதே குழுவின் அடுத்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. ‘8 என்ற எண்ணைப் படுக்கவைத்தால் மூக்குக்கண்ணாடிபோல் இருக்கும்’ என்பதுபோன்ற வாக்கியத்தைப் படிக்கும்போது யாருக்கும் மனதில் ஒரு படம் வரும். கூட்டல், கழித்தல் பற்றிய பொதுவான வாக்கியத்துக்குப் படம் தேவையில்லை. ஆட்டிச நிலையாளர்களின் மூளையில், படம் தேவைப்படாத வாக்கியங்களுக்கும் காட்சிக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. சொல்லைப் புரிந்துகொள்ளப் படத்தின் உதவியை அவர்கள் மூளை நாடியது.

ஆட்டிச நிலையாளரும் கால்நடை அறிவியல் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின் 1995-ல் வெளியான தன் நூலில் இதைத்தான் சொந்த அனுபவமாக எழுதியிருந்தார். தனக்குச் சொற்கள் இரண்டாவது மொழி, படங்களே முதல் மொழி என்றார். எல்லா ஆட்டிச நிலையாளர்களும் படங்களில் சிந்திப்பதில்லை, வடிவங்களிலும் எண்களிலும் சொற்களிலும் சிந்திப்பவர்களும் உண்டு என்று பிற்காலத்தில் அவரே விளக்கினார். ஸ்கேன் ஆய்வுகள் சொல்வதும் சிறு குழுக்களின் சராசரியைத்தான்.

தவறு ஒரு பக்கம் மட்டும்தானா?

இவ்வளவு ஆய்வுகளும் ஆட்டிச நிலையாளரிடம் என்ன குறை என்றே தேடின. 2012-ல் டேமியன் மில்டன் கேள்வியைத் திருப்பிப்போட்டார். அவரே ஆட்டிச நிலையாளர், சமூகவியல் ஆய்வாளர். ‘ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் பேச்சு புரியவில்லை என்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஆட்டிச நிலையாளரின் பேச்சு புரிகிறதா? புரியாமை இரு பக்கமும்தானே?’ என்பதே அவர் வாதத்தின் சாரம்.

2020-ல் எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். காதோடு காதாகச் செய்தியைக் கடத்தும் விளையாட்டைப்போல, ஒருவர் கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிச நிலையாளர்கள் மட்டுமே இருந்த வரிசையில், மற்றவர்களின் வரிசைக்கு இணையாகக் கதை போய்ச்சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் சிந்தின. பின்னர் 2025-ல் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, கலந்த வரிசைகளிலும் அந்தச் சரிவு தெரியவில்லை. இரண்டிலும் பொதுவாக நின்ற முடிவு ஒன்று உண்டு. ஆட்டிச நிலையாளர்கள் செய்தியைக் கடத்துவதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்யலாம்?

*எது கூடாது என்பதைவிட எது வேண்டும் என்று சொல்லுங்கள்.* ‘ஓடாதே’ என்பதற்குப் பதிலாக ‘மெதுவாக நட’. ‘ஒழுங்கா உட்காரு’ என்பதற்குப் பதிலாக ‘நாற்காலியில் உட்கார், கால் தரையில் இருக்கட்டும்’.

*கேள்வியாகக் கட்டளையிட வேண்டாம்.* ‘புத்தகத்தை எடுக்கிறியா?’ என்றால் ‘இல்லை’ என்பதும் சரியான பதில்தான். ‘புத்தகத்தை எடு’ என்பது தெளிவு.

*நேரத்தை அளந்து சொல்லுங்கள்.* ‘ஒரு நிமிஷம்’, ‘அப்புறம்’ ஆகியவற்றுக்குப் பதிலாக ‘பெரிய முள் 6-க்கு வந்ததும் கிளம்பலாம்’. சொன்னபடி நடந்துகொள்வதும் முக்கியம்.

*பதிலுக்குக் காத்திருங்கள்.* ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் சில நொடிகள் பொறுங்கள். அந்த இடைவெளியில் அதையே வேறு சொற்களில் மாற்றிச் சொன்னால், குழந்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

*ஒரு சொல்லைப் பல இடங்களில் காட்டுங்கள்.* ‘மூடு’ என்றால் கதவை மூடுவது மட்டுமல்ல. டப்பா, பேனா, புத்தகம், கண் என்று ஐந்தாறு இடங்களில் செய்து காட்டினால், டொனால்டின் ‘ஆமாம்’போல் ஒரே காட்சியில் சொல் சிக்கிக்கொள்ளாது.

*மரபுத்தொடர்களை வேற்று மொழிபோலக் கற்றுக்கொடுங்கள்.* ‘தலைக்கு மேல வேலை என்றால், நிறைய வேலை இருக்கிறது என்று பொருள்’ என்று சொல்லி, ஒரு நோட்டில் படத்தோடு எழுதி வைக்கலாம். பல குழந்தைகள் இதை விளையாட்டாகவே சேகரிப்பார்கள்.

*‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்.* ‘ம்’ என்பதுதான் பதிலாக வரும். ‘இப்போ முதல்ல என்ன செய்யப்போறே?’ என்று கேட்டால் புரிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

*வேகமாகப் படிப்பதைப் புரிதலாக நினைக்க வேண்டாம்.* 3, 4 வயதிலேயே பெயர்ப்பலகை, செய்தித்தாள் எல்லாம் வாசிக்கும் ஆட்டிசக் குழந்தைகள் உண்டு. எழுத்து ஓடும் வேகத்தில் பொருள் ஓடுவதில்லை. அதேபோல, பேசாத குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. பேசுவதும் புரிந்துகொள்வதும் தனித்தனித் திறன்கள். அவர்கள் எதிரில் அவர்களைப் பற்றிக் குறைவாகப் பேசாமலிருப்பது நல்லது.

சொல் தாமதமாக வரும் குழந்தைக்கு முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு குழந்தைநல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் ஆலோசனை. ‘அப்பாவும் லேட்டாதான் பேசினார்’ என்று காத்திருக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் வழிகாட்டுதல் கிடைக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

கேட்ட வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்வது ஆட்டிசத்தில் அடிக்கடி காணப்படும் ஒன்று. ஒரு காலத்தில் இதை நிறுத்த வேண்டிய கெட்ட பழக்கமாகப் பார்த்தார்கள். 1980-களில் அமெரிக்க ஆய்வாளர் பேரி பிரிசான்ட், குழந்தைகள் அதைக் கேட்பதற்கும், மறுப்பதற்கும், தங்களை அமைதிப்படுத்திக்கொள்வதற்கும் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினார். டி.வி விளம்பர வரியைச் சொல்லிக்கொண்டே சுற்றிவரும் குழந்தை பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். சென்ற வாரம் ஊசி போட்ட நர்ஸின் வாக்கியத்தை இன்று சொல்லும் குழந்தை, எங்கோ வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த முறை ஒரு குழந்தை சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், ‘என்ன திமிரா?’ என்று கேட்பதற்கு முன், ‘இந்த வார்த்தையை இவன் எங்கே, எப்போது கேட்டிருப்பான்?’ என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். அந்தப் பதில் பிறந்த இடம் தெரிந்தால், குழந்தை சொல்ல வந்ததும் தெரிந்துவிடும்.